நேரடிப் பண உதவியும் கொங்கு நாட்டு ஊரக ஏழைக் குடும்பங்களும்

நேரடிப் பண உதவி என்பது, திருப்பித் தர வேண்டாத பணத்தை அரசோ தொண்டு அமைப்போ ஏழைக் குடும்பங்களின் கையிலோ வங்கிக் கணக்கிலோ சேர்க்கும் சமூகப் பாதுகாப்பு முறை. அரிசி, சேலை, மிதிவண்டி ஆகியவற்றைப் பொருளாகக் கொடுக்கும்போது எது தேவை என்பதை அரசு முடிவு செய்கிறது. பணமாகக் கொடுக்கும்போது அந்த முடிவு குடும்பத்தின் கைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையில் தொடங்கி மகளிர் உரிமைத் தொகை வரை இம்முறை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்துள்ளது. கொங்கு நாட்டு ஈரோடு மாவட்டத்தின் பெருந்துறை போன்ற வட்டாரங்களில் ஒரே குடும்பம் தோட்டக் கூலி, தறி வேலை, பனியன் கம்பெனி வேலை என மூன்றையும் சேர்த்துப் பிழைக்கிறது. அங்கே மாதந்தோறும் வரும் சிறு தொகை குடும்பத்தைச் செல்வம் மிக்கதாக்குவதில்லை. வேலை இல்லாத நாட்களில் அடுத்தவரிடம் கையேந்தி நிற்கும் நிலையைக் குறைப்பதே அதன் முதன்மையான பயன்.

வரலாறு

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1962 ஏப்ரல் 1 முதல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் 1974இல் மாற்றுத்திறனாளிகளுக்கும், 1975இல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986இல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் இது போன்ற உதவி விரிவடைந்தது. ஒன்றிய அரசின் தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதியோர் தொகை 2011இல் மாதம் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. தேசியத் திட்டத்தின்கீழ் வரும் 60 முதல் 79 வயதினருக்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய்தான். மீதியை மாநில அரசு ஏற்கிறது.

ஏழைக் கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் வந்தது. சில நூறு ரூபாயாக இருந்த தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. கடைசியாகச் சொன்னதில் 14,000 ரூபாய் பணம். எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பப் பதிவு, பிரசவம், தடுப்பூசி ஆகிய கட்டங்களோடு தவணைகள் இணைக்கப்பட்டுள்ளதால் இது நிபந்தனையுள்ள உதவி. முதியோர் தொகை நிபந்தனையற்றது.

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்கும் பிரதமரின் கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24இல் தொடங்கப்பட்டது. நிலம் தம் பெயரில் உள்ளவர்களுக்கே இது கிடைக்கும். கொங்கு நாட்டில் தோட்ட வேலைகளைத் தலைமுறைகளாகச் செய்துவரும் அருந்ததியர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த நிலம் இல்லை. விவசாயத்தில் மிகுதியாக உழைப்பவர்களையே விவசாய உதவி எட்டாமல் போவது இத்திட்டத்தின் அடிப்படைக் குறை.

கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்த நாளன்று, அவர் பிறந்த ஊரான காஞ்சிபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. அப்போதைய முதன்மை விதிகள் இவை: 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவர். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள். நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். கார் வைத்திருப்போர், வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர் ஆகியோரின் குடும்பங்கள் விலக்கப்பட்டன. பிற மாநிலங்களிலும் இதே வகைத் திட்டங்கள் உள்ளன: மேற்கு வங்கம் 2021லும், கர்நாடகமும் மத்தியப் பிரதேசமும் 2023லும், மகாராஷ்டிரம் 2024லும் பெண்களுக்கு மாதத் தொகை வழங்கத் தொடங்கின.

பெருந்துறை வட்டார வருமானத்தின் இயல்பு

ஈரோட்டுக்கு மேற்கே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் அமைந்த பெருந்துறை, சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். இந்த வட்டத்திலேயே போர்வைக்குப் பெயர்பெற்ற சென்னிமலைக் கைத்தறி இருக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேன்களில் ஆட்கள் சென்று திரும்புகிறார்கள். வேலை பல வகை என்றாலும், எந்த வேலையும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

பவானிசாகர் அணை நீர் கீழ்பவானி வாய்க்கால் வழியே ஏறத்தாழ 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது. ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் எனப் பாசனம் இரு பாதியாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஒரு பாதிக்கு முதல் போகத்தில் நெல்லுக்கும், மறுபாதிக்கு இரண்டாம் போகத்தில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கும் நீர் விடப்படும். நடவிலும் அறுப்பிலும் ஆள் கிடைக்காது. வாய்க்கால் அடைத்த பிறகு வேலை கிடைக்காது. மஞ்சள் வெட்டு தை, மாசி மாதங்களில் கூலி தரும். அது முடிந்ததும் ஓய்ந்துவிடும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனியில் ஷிப்ட் குறையும். ஆகவே இக்குடும்பங்களை வாட்டுவது கூலியின் அளவு மட்டுமன்று. அடுத்த வாரம் என்ன வரும் என்று சொல்ல முடியாத நிலையும்தான்.

2025–26இல் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் 100 நாள் வேலைக்கான நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் மாத உரிமைத் தொகை மூன்று நாள் கூலிக்கு நிகர். தொகை சிறிது. ஆனால் நூல் விலை ஏறினாலும் வாய்க்கால் அடைத்தாலும் குறித்த தேதியில் வருவது அது ஒன்றே.

உணவும் அன்றாடச் செலவும்

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் கடை அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரிசிக்கும் பேருந்துக்கும் செலவில்லாத வீட்டில், கைக்கு வரும் பணம் ரேஷனில் கிடைக்காதவற்றுக்குச் செல்ல முடிகிறது: முட்டை, பால், காய், சமையல் எரிவாயு உருளை, சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை, பிள்ளைகளின் நோட்டு, செருப்பு. பொருளுதவியும் பண உதவியும் ஒன்றுக்கொன்று மாற்று எனப் பேசப்படுவதுண்டு. தமிழ்நாட்டு அனுபவத்தில் பொருளுதவியே பணத்தின் பயனைக் கூட்டுகிறது. அரிசியை நிறுத்திவிட்டு அதே மதிப்புக்குப் பணம் கொடுத்தால், விலை ஏறும் ஒவ்வொரு மாதமும் தட்டில் சோறு குறையும்.

முதியோருக்கு இதன் பயன் வேறு வகை. மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் பாட்டிக்குச் சொந்தமாகப் பணம் வரும்போது, வெற்றிலை பாக்குக்கோ மருந்துக்கோ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பேரனுக்குத் தின்பண்டம் வாங்கித் தர முடிகிற பெரியவருக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை, எந்தச் செலவுக் கணக்கிலும் பதிவாவதில்லை.

கடன்

ஊரக ஏழைகளின் கடன் பல அடுக்கு கொண்டது: மளிகைக் கடைப் பாக்கி, கைமாற்று, நகை அடமானம், மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனங்களின் வாரக் கடன், கந்துவட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டம் இயற்றப்பட்டும் அது முற்றாக ஒழியவில்லை.

ஒரு கணக்கு இதை விளக்கும். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டியில், அதாவது ஐந்து வட்டியில், 5,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 250 ரூபாய். ஆண்டு முழுவதும் கட்டினாலும் 3,000 ரூபாய் போகும். முதல் அப்படியே நிற்கும். மாதம் 1,000 ரூபாய் தனியாக வருமானால், வட்டி போக மீதியை முதலில் கழித்து ஆறு மாதத்தில் இந்தக் கடனை அடைத்துவிடலாம். மளிகைக் கடையிலும் இதே நிலைதான். கணக்கு நோட்டில் எழுதி வாங்குபவர் விலை பேச முடியாது; வேறு கடைக்கும் போக முடியாது. மாதம் ஒருமுறை பாக்கியைத் தீர்க்கிறவருக்கு அந்தக் கட்டு தளர்கிறது.

கொங்குப் பகுதி விசைத்தறிகளில் முன்பணம் வாங்கி வேலைக்குச் சேரும் வழக்கம் உண்டு. முன்பணம் தீராதவரை தறிக்காரரை விட்டு நல்ல கூலி தரும் இடத்துக்கு மாற முடியாது. மருத்துவச் செலவு, சீர், திருமணம் போன்றவையே பெரும்பாலும் முன்பணம் வாங்கத் தூண்டுகின்றன. அத்தகைய பெருந்தொகையை மாதம் 1,000 ரூபாயால் ஈடுகட்ட முடியாது. சிறு தேவைக்காகப் புதிய முன்பணம் ஏறுவதை மட்டுமே தவிர்க்கலாம்.

பெண்களும் கல்வியும்

தொகை பெண்ணின் பெயரில் உள்ள கணக்குக்கு வருவதால், பணம் வந்த செய்தி முதலில் அவர் கைபேசிக்கு வருகிறது. எதற்குச் செலவிடுவது என்ற பேச்சு வீட்டில் அவரிடமிருந்து தொடங்க வழி ஏற்படுகிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அரசு அளிக்கும் அங்கீகாரமாகவும் இத்திட்டம் முன்வைக்கப்பட்டது. எனினும் கணக்கு ஒருவர் பெயரிலும் ஏடிஎம் அட்டை வேறொருவர் பையிலும் இருக்கும் வீடுகளில் இந்தப் பயன் பாதியாகிவிடும்.

கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் சில ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர். விடுதியில் தங்கி வேலை செய்து, முடிவில் கிடைக்கும் மொத்தத் தொகையைத் திருமணச் செலவுக்கு வைத்துக்கொள்வது அதன் ஏற்பாடு. பள்ளி முடித்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா, மில்லுக்கு அனுப்புவதா என்பது பல ஏழை வீடுகளில் பணத்தை வைத்தே முடிவானது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9இல் கோவையில் தொடங்கப்பட்டது. இவை மில் சம்பளத்துக்கு ஈடாகா. பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தாங்குவதால் படிப்பின் பக்கம் தராசு சற்றுச் சாய்கிறது.

உழைப்பின் மீதான விளைவு

இலவசப் பணம் மக்களைச் சோம்பேறி ஆக்கும் என்பது பரவலான குற்றச்சாட்டு. வளரும் நாடுகள் ஆறில் நடந்த ஏழு அரசுத் திட்டங்களின் தரவுகளை அபிஜித் பானர்ஜியும் மற்ற பொருளியலாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் அலசினர். பண உதவியால் மக்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சீரான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பணம் குடிக்குப் போய்விடும் என்ற அச்சத்தையும் டேவிட் எவன்ஸ், அன்னா போப்போவா இருவரும் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

கொங்கு நாட்டிலிருந்தே ஒரு சான்று உண்டு. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் 100 நாள் வேலையின் தாக்கத்தை ஆராய்ந்தனர். அது கூலித் திட்டம். நேரடி உதவி அன்று. ஆயினும் அரசிடமிருந்து வரும் பணம் தலித் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நிலவுடைமையாளரைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைத்து, கூலி பேசும் வலுவைக் கூட்டியது எனப் பதிவு செய்தனர். வேலைக்கு ஆள் வருவதில்லை என்று தோட்டக்காரர்கள் சொல்லும் குறையின் மறுபக்கம் இது: குறைந்த கூலிக்கு வர மறுக்கும் நிலை ஏழைக்குக் கிடைத்திருக்கிறது.

பிற இடங்களின் ஆய்வுகள்

சுயதொழில் மகளிர் சங்கமான சேவா, 2011–12இல் மத்தியப் பிரதேசத்தில் 8 கிராமங்களின் மக்கள் அனைவருக்கும் நிபந்தனையின்றிப் பணம் வழங்கிப் பார்த்தது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பின்னர் 300, 150 என உயர்ந்தது. உதவி பெறாத 12 கிராமங்களோடு ஒப்பிட்டபோது, குழந்தைகளின் எடை, பள்ளி வருகை, கால்நடை வளர்ப்பு ஆகியவற்றில் முன்னேற்றமும் கடனில் குறைவும் தெரிந்தன. கூலி வேலையைக் குறைத்துச் சொந்த நிலத்தில் உழைத்தவர்களும் இருந்தனர்.

கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களை உள்ளடக்கிய ஆய்வில், 10,500 ஏழைக் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் வீதம் வழங்கப்பட்டது. ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பயன் தந்தது. விலைவாசி மிகச் சிறிதே ஏறியது. பணம் பெறாத அண்டை வீட்டாரும் கடை வியாபாரம், கூலி வழியே பயனடைந்தனர்.

வழங்குமுறைச் சிக்கல்கள்

முன்பு முதியோர் பணம் மணியார்டராகத் தபால்காரர் கையில் வந்தது. ஒன்றிய அரசு 2013இல் நேரடிப் பயன் மாற்ற முறையைத் தொடங்கிய பின், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கே வழியானது. இடையில் பிடித்தம் குறைந்தது. புதுச் சிக்கல்கள் வந்தன. வங்கி முகவரின் சிறு இயந்திரத்தில் கைரேகை வைக்க வேண்டும். பல ஆண்டுகள் களை வெட்டியும் நூல் பிடித்தும் ரேகை தேய்ந்த விரலை அது ஏற்க மறுப்பதுண்டு. விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் வரச் சொல்வார்கள். அந்த மறுநாளில் ஒரு நாள் கூலி போகும். உரிமைத் தொகை வந்த முதல் மாதத்தில் சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை எனப் பணத்தைப் பிடித்ததும், அரசு தலையிட்டுக் கண்டித்ததும் நடந்தன.

விடுபடுவோரும் உண்டு. ஒரே அட்டையில் இரண்டு மூன்று மருமகள்கள் இருந்தாலும் ஒருவருக்கே தொகை. சிப்காட் ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் குடும்பங்களுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் அரிசி கிடைக்கலாம். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை இல்லாததால் உரிமைத் தொகை கிடைக்காது.

பயனைத் தீர்மானிப்பவை

பண உதவியின் பயன் நான்கைப் பொறுத்தது: பணம் யார் கைக்குப் போகிறது, குறித்த தேதியில் தவறாமல் வருகிறதா, விலைவாசிக்கு ஏற்ப உயர்கிறதா, அதைச் சுற்றி நல்ல பள்ளியும் மருத்துவமனையும் ரேஷன் கடையும் இயங்குகின்றனவா. இவற்றில் தமிழ்நாடு வலுவாக இருப்பது நான்காவதில். மிகவும் பின்தங்கியிருப்பது மூன்றாவதில். 2011இல் 1,000 ரூபாயாக நிர்ணயித்த முதியோர் தொகை 12 ஆண்டுகளுக்குப் பின்னரே 200 ரூபாய் உயர்ந்தது; அதற்குள் அந்தப் பணத்தின் வாங்கும் திறன் பெருமளவு கரைந்துவிட்டது. 100 நாள் வேலைக் கூலி ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டை வைத்துத் திருத்தப்பட்டு வந்தது. அதே முறையை மாதத் தொகைகளுக்கும் சட்டப்படி ஆக்கினால், தேர்தல் வரும்வரை உயர்வுக்குக் காத்திருக்கும் நிலை மாறி, ஏழைக் குடும்பங்கள் நம்பித் திட்டமிடக்கூடிய வருமானமாக இவை நிலைபெறும்.