வீட்டில் துக்கம்... ஸ்டார் கட்டலாமா? திருவருகைக் காலம் தரும் ஆறுதல் என்ன?

டிசம்பர் பிறந்தாலே வாசலில் ஸ்டார், உள்ளே குடில், தெருவில் கேரல்ஸ் என கிறிஸ்தவ வீடுகள் களைகட்டும். ஆனா, அந்த வருஷம் ஒருவரை இழந்த வீட்டில் பெரும்பாலும் ஸ்டார் இருக்காது. ‘இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லைங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஊரே சந்தோஷமா இருக்கும்போது அழுதால், ‘விசுவாசம் குறைவு’ என்று நினைப்பார்களோ என்ற தயக்கமும் சிலருக்கு உண்டு. உண்மையில், இது அழுகைக்கும் இடம் தரும் காலம்தான். எப்படி? பார்க்கலாம்.

திருவருகைக் காலம் என்றால் என்ன?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய 4 ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டது திருவருகைக் காலம். ஆங்கிலத்தில் அட்வென்ட். ‘வருகை’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர் இது. நவம்பர் 27 முதல் டிசம்பர் 3-க்குள் வரும் ஞாயிறன்று தொடங்கும்.

இது கொண்டாட்டம் அல்ல, காத்திருப்பு. அதனால்தான் தவக்காலத்தைப் போலவே குருக்கள் ஊதா நிற உடை அணிகிறார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் இந்த ஞாயிறுகளில் ‘வானவர் கீதம்’ பாடுவதில்லை.

4 மெழுகுவர்த்திகள் ஏன்?

1839-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய யோகான் ஹின்ரிச் விக்கெர்ன், கிறிஸ்துமஸுக்கு எத்தனை நாள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்க ஒரு சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். அதுவே இன்றைய அட்வென்ட் வளையம். வாரத்துக்கு ஒன்றாக ஏற்றப்படும் 4 மெழுகுவர்த்திகளில், முதலாவது நம்பிக்கைக்கு உரியது. எல்லாம் ஒரே நாளில் எரிவதில்லை. துக்கத்தில் இருப்பவரும் ஒரே நாளில் தேறிவிட வேண்டியதில்லை.

பைபிள் என்ன சொல்கிறது?

இந்தக் காலத்தில் அதிகம் வாசிக்கப்படும் ஏசாயா 40-ம் அதிகாரம், பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களுக்கான ஆறுதல். யோவான் 11-ம் அதிகாரத்தில், லாசருவை உயிரோடு எழுப்பப்போகும் இயேசுவே அதற்கு முன் கண்ணீர் விடுகிறார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழக்கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

துக்கத்துக்கென தனி வழிபாடு

அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் பல சபைகள் டிசம்பர் 21-ஐ ஒட்டி, அங்கு ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் சமயத்தில், ‘ப்ளூ கிறிஸ்துமஸ்’ வழிபாடு நடத்துகின்றன. இறந்தவர்களை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கொஞ்ச நேரம் மௌனம். ஆரவாரப் பாடல்கள் இருக்காது.

தமிழகக் கடற்கரைக்கும் இந்த வலி புதிதல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை சுனாமி தாக்கியது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களும் பலியானார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பண்டிகையும் நினைவு நாளும் இன்றும் அடுத்தடுத்த நாட்கள்.

என்ன செய்யலாம்?

* ஸ்டார் கட்டுவதும் கட்டாததும் குடும்பத்தின் விருப்பம். அது விசுவாசத்துக்கான அளவுகோல் இல்லை.
* இறந்தவர் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். அவர் பெயரில் ஒருவருக்குச் சாப்பாடு கொடுக்கலாம்.
* பார்க்கப் போகிறவர்கள் ‘அழாதீங்க, எல்லாம் கடவுள் சித்தம்’ என்று சொல்வதைவிட, இறந்தவரைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டாலே போதும்.
* நீண்ட நாட்களாகத் தூக்கமோ சாப்பாடோ இல்லையென்றால் ஜெபத்தோடு மருத்துவ உதவியும் தேவை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.