காஜுலு லட்சுமிநரசு செட்டி: சபைக்கு வெளியே ஓர் உறுப்பினர்

சென்னையின் அரசியல் வரலாற்றை 1884இல் தோன்றிய மகாஜன சபையிலிருந்து தொடங்குவதே நம்மிடையே வழக்கம். அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே இந்நகரில் ஓர் அரசியல் சங்கம் இயங்கியது. அதைத் தோற்றுவித்தவர் வழக்கறிஞரல்லர், கல்லூரி கண்டவருமல்லர். அவுரியும் துணியும் விற்றுப் பொருளீட்டிய தெலுங்கு வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806இல் பிறந்த அவர், தந்தையின் வணிகத்தில் இளமையிலேயே ஈடுபட்டுப் பெருஞ்செல்வரானார்.

அச்செல்வம் முதலில் சென்ற வழி பத்திரிகை. 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். கிறித்தவ மிஷனரிகளின் மதமாற்ற முயற்சிகளையும் அவற்றுக்கு அதிகாரிகள் காட்டிய பரிவையும் அது கடுமையாக எதிர்த்தது. மதம் மாறியவரின் சொத்துரிமையைக் காத்த சட்டம் 1850இல் நிறைவேறியது. அம்முயற்சியை எதிர்த்தோரில் செட்டியும் ஒருவர். உரிமைக்காகப் போராடியவர் பிறர் உரிமையொன்றை மறுக்கவும் நின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மதத்தில் தொடங்கிய அக்கறை விரைவிலேயே வயலுக்கு வந்தது. 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கம் உருவாயிற்று. கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் ஆண்டு நெருங்கியிருந்தது. இரயத்துவாரி நிலவரியின் கொடுமை, உப்பு வரி, கைவினைஞர் மீதான தொழில்வரி, நீதிமன்றங்களின் தாமதம், கல்வியின்மை ஆகியவற்றை விரித்துரைத்துச் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. 1853இல் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் இங்கு வந்தபோது, செட்டி அவரை உள்மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர்களின் நிலையை நேரில் காணச் செய்தார்.

விளைவு 1854இல் வெளிப்பட்டது. வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்ற குற்றச்சாட்டு லண்டனில் எழுந்தது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட அக்குழு 1855இல் அறிக்கை தந்தது. விரல்களை நெரிக்கும் கிட்டி, மனிதனை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துதல் போன்றவை நடந்தது உண்மையென அறிக்கை ஒப்புக்கொண்டது. குற்றத்தையோ பெரும்பாலும் சுதேசிச் சேவகர்கள்மீதே சுமத்தியது. அவர்களை வரிவசூலுக்கு விரட்டிய துரைமார் தப்பினர். காரல் மார்க்ஸ் 1857இல் அமெரிக்கச் செய்தித்தாளொன்றில் எழுதிய கட்டுரைக்கு இவ்வறிக்கையே ஆதாரம். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி, வருவாய்த்துறையிலிருந்து பிரிந்த தனிக் காவல்துறை சென்னை மாகாணத்தில் அமைந்தது.

1861ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆளுநரின் சட்டசபையில் இந்தியரும் நியமனம் பெற வழி பிறந்தது. சென்னையில் முதல் இடம் பெற்றவர் சடகோபாச்சாரியார். அவர் மறைந்தபின் 1863இல் அவ்விடம் செட்டிக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் அரசைக் கேள்வி கேட்டவர் அமர்ந்த அச்சபையில் கேள்வி கேட்கும் உரிமையே கிடையாது! வரவு செலவை விவாதிக்கவும் இயலாது. முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம். அவ்வுரிமைகள் ஓரளவேனும் வர 1892 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1868இல் அவர் இறந்தபோது செல்வம் கரைந்துபோயிருந்தது. வணிகர் அரசியலுக்கு வருவது முதலைப் பெருக்கத்தான் என்று எண்ணப் பழகிவிட்ட நமக்கு, இக்கணக்கு விளங்குவது கடினம். சட்டம் செய்யும் நாற்காலி அவருக்குக் கிடைத்தது வாழ்வின் கடைசி ஐந்தாண்டுகளில். ஆனால் அவர் பங்கேற்ற மாற்றங்களுள் பெரியது, அந்நாற்காலி கிடைக்குமுன்பே, ஒரு பத்திரிகையாலும் ஒரு மனுவாலும் ஒரு பயணத்தாலும் தொடங்கியிருந்தது. சட்டமன்றங்களின் வரலாற்றை உறுப்பினர் பட்டியலிலிருந்து மட்டும் எழுதினால் இவரைப் போன்றவர்களுக்கு ஒரு வரிதான் மிஞ்சும். நாம் அதற்கு வெளியேயும் தேட வேண்டும்.