பணிமேடை மாற்றமும் குறுவட்டின் தொண்டும்

கணிப்பொறியைத் திறந்ததும் கண்முன் விரியும் காட்சியைப் பணிமேடை என்று சிலரும் மேல்மேசை என்று சிலரும் வழங்குவர். சன்னல்களும் பட்டிகளும் சிறு படங்களும் கோப்புகளை வைக்கும் உறைகளும் சேர்ந்ததே அது. வணிக நிறுவனங்கள் விற்கும் இயங்குதளங்களில் பெரும்பாலும் பணிமேடை தளத்தோடு ஒட்டிப் பிறந்தது. பிடிக்கவில்லை என்று அதனைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டுவது எளிதன்று. லினக்சு முதலிய கட்டற்ற தளங்களிலோ பணிமேடை ஒன்றன்று, பல. வேண்டியதைத் தேரலாம், வேண்டாதபோது மாற்றலாம். இவ்வுரிமை எவ்வாறு தோன்றிற்று, இணைய வசதி குறைந்தோர்க்கு அஃது எவ்வழியே எட்டிற்று என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

பன்மையின் வித்து

இப்பன்மைக்கு வித்திட்டது, 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'எக்சு' என்னும் சன்னல் முறைமையாகும். திரையில் வரைவதற்கு வேண்டிய கருவிகளை மட்டுமே அது தந்தது. சன்னலின் விளிம்பு எப்படி இருக்க வேண்டும், பட்டி மேலே நிற்க வேண்டுமா கீழே நிற்க வேண்டுமா என்பன பற்றி அது கட்டளை எதுவும் இடவில்லை. அவற்றை வேறு நிரல்கள் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அடித்தளம் ஒருவர் கையிலும் முகப்பு வேறொருவர் கையிலும் இருந்தமையால், முகப்பை மட்டும் மாற்றும் வாய்ப்பு இயல்பாகவே அமைந்தது.

1991-இல் லினசு தோர்வால்டுசு லினக்சு கருவை வெளியிட்டார். ஆயினும், பொதுமக்கள் எளிதிற் கையாளத்தக்க முழுமையான பணிமேடை அதற்கு வாய்க்கச் சில ஆண்டுகள் ஆயின. 1996 அக்டோபர் 14-ஆம் நாள், செருமனியின் தூபிங்கன் பல்கலைக்கழக மாணவராய் இருந்த மத்தியாசு எட்ரிக் அத்தகைய பணிமேடை ஒன்றை உருவாக்க அழைப்பு விடுத்தார். அதுவே கே.டி.இ. ஆயிற்று.

ஆனால், அதற்கு அடிப்படையாய் அமைந்த 'கியூட்டி' என்னும் நார்வே நிறுவனத்து நிரல்தொகுதி அக்காலத்தில் முழுக் கட்டற்ற உரிமம் உடையதாய் இல்லை. கட்டற்ற வீட்டிற்குக் கட்டுடைய தூண் தகுமா என்ற வினா எழுந்தது. அதன் விளைவாக 1997 ஆகத்து மாதத்தில் மெக்சிகோ நாட்டவரான மிகுவேல் தெ இக்காசாவும் பெதரிக்கோ மேனாவும் குனோம் பணிமேடையைத் தொடங்கினர். கே.டி.இ.யின் முதற்பதிப்பு 1998-இலும், குனோமின் முதற்பதிப்பு 1999-இலும் வெளிவந்தன. 2000-ஆம் ஆண்டில் கியூட்டியும் கட்டற்ற உரிமத்தின் கீழ் வந்தது. பூசலுக்குக் காரணம் நீங்கியும் பணிமேடைகள் இரண்டும் நிலைத்தன. இவற்றோடு, ஆற்றல் குறைந்த பழைய கணிப்பொறிகளுக்கு ஏற்ற எளிய பணிமேடைகளாக எக்சு.எப்.சி.இ.யும், 2006-இல் தைவானில் பிறந்த எல்.எக்சு.டி.இ.யும் வந்து சேர்ந்தன.

உரிமை உண்டு, வழி உண்டோ?

இணையம் தடையின்றிக் கிடைக்கும் இடத்தில் பணிமேடை மாற்றம் சிறு செயலே. ஒரே கட்டளையில் புதிய பணிமேடை தானே இறங்கி நிறுவப்படும். உள்நுழையும் திரையில் பழையது, புதியது என இரண்டு பெயர்களும் காணப்படும், விரும்பியதைத் தேரலாம். எழுதிவைத்த கோப்புகளுக்கு ஊறு நேர்வதில்லை. இரண்டும் ஒரே பொறியில் அருகருகே வாழ இயலும்.

இணையம் குறைந்த இடத்திலோ இதுவே மலையாகிவிடும். பணிமேடை என்பது ஒரு நிரலன்று. நூற்றுக்கணக்கான பொதிகளின் கூட்டம். ஒரு பொதி இன்னொன்றைச் சார்ந்து நிற்கும். அது மற்றொன்றைச் சார்ந்து நிற்கும். இடையில் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும்.

தொலைபேசிக் கம்பிவழி இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 56,000 பிட்டு. அந்த உச்ச வேகம் சற்றும் குறையாமல் கிடைத்தாலும், 100 மெகாபைட்டு அளவுள்ள பொதிகளை இறக்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். 700 மெகாபைட்டு கொள்ளும் குறுவட்டு ஒன்றின் உள்ளடக்கத்தை இறக்கவோ 27 மணி நேரத்திற்கும் மேல் வேண்டும். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்; இடையில் இணைப்பு அறுவதும் உண்டு. உரிமச் சீட்டில் எழுதிய உரிமை, கம்பியின் முனையில் தடைப்பட்டு நின்றது.

குறுவட்டின் காலம்

இத்தடையைக் கடக்க உதவியது குறுவட்டேயாகும். டெபியன் குழுவினர் தம் பொதிகளைப் பல வட்டுகளில் அடுக்கித் தந்தனர். வட்டிலிருந்தே பொதிகளைத் தேடி, சார்பு அறிந்து நிறுவும் வசதியையும் செய்தனர். 2007-இல் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பில், கே.டி.இ. விரும்புவோர்க்கு ஒரு முதல் வட்டும், எக்சு.எப்.சி.இ. விரும்புவோர்க்கு வேறொரு முதல் வட்டும் தனித்தனியே அமைந்தன. ஒரே வட்டு பெற்றவரும் தாம் விரும்பிய பணிமேடையைப் பெறலாம் என்பதே இதன் பயன்.

2004-இல் தோன்றிய உபுண்டு இன்னும் ஒருபடி சென்றது. அதனை வெளியிட்ட கனானிகல் நிறுவனம், கேட்டவர்க்கெல்லாம் அஞ்சற் செலவும் வாங்காமல் உலகெங்கும் வட்டுகளை அனுப்பிற்று. குனோமை உடைய உபுண்டுவேயன்றி, கே.டி.இ.யை உடைய குபுண்டு வட்டுகளும் அவ்வாறு சென்றன.

தென்னாப்பிரிக்காவில் இணையக் கட்டணம் மிகுதியாய் இருந்த காலத்தில், 'பிரீடம் டோசுடர்' எனப்பட்ட பொறிகள் பொதுவிடங்களில் நிறுத்தப்பட்டன. வெற்று வட்டோடு வருவோர், வேண்டிய கட்டற்ற மென்பொருளை அதில் பதித்துக்கொண்டு செல்லலாம். பண்டு ஏடு வைத்திருப்போர் இல்லம் சென்று, வெற்றோலையில் பெயர்த்தெழுதி வந்த வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. படியெடுப்பது இங்கே களவன்று. உரிமமே அளித்த உரிமை.

இந்தியரான இரித்தேசு ராசு சரப் ஆக்கிய 'ஆப்ட்-ஆப்லைன்' என்னும் கருவி மற்றொரு வழியைக் காட்டிற்று. இணையமில்லாத பொறி, தனக்கு இன்னின்ன பொதிகள் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரும். அதனை இணையமுள்ள இடத்திற்குக் கொண்டுபோய்ப் பொதிகளை இறக்கிவந்து கொடுத்தால் நிறுவிக்கொள்ளும். கடைக்குச் சீட்டெழுதி ஆளனுப்பும் முறையே இது.

2011 ஏப்ரல்

பணிமேடை வரலாற்றில் 2011 ஏப்ரல் ஒரு திருப்புமுனையாகும். அம்மாதம் 6-ஆம் நாள், பழைய தோற்றத்தை அறவே மாற்றிய குனோம் 3 வெளிவந்தது. அதே மாத இறுதியில் வந்த உபுண்டு 11.04 பதிப்பில் யூனிட்டி என்னும் புதிய முகப்பு முதன்மை பெற்றது. இரண்டும் திரைவரைகலைத் திறனை மிகுதியாக வேண்டின. பழைய பொறிகள் திணறின. பழகிய மேசையை இழந்தோர் வருந்தினர். அவ்வாண்டே பழைய குனோமின் நிரலை எடுத்து 'மாத்தே' என்னும் பெயரில் தொடர முனைந்தார் அர்செந்தீனாவைச் சேர்ந்த ஒருவர்.

முரண் யாதெனில், இலவச வட்டு அனுப்பும் திட்டம் முடிவுற்றதும் அதே ஏப்ரல் மாதத்தில்தான். பணிமேடையை மாற்றும் தேவை பெருகிய வேளையில், அஞ்சல்வழி வந்த ஒரு துணை நீங்கிற்று. வேகமான இணைப்புடையோர் இதனை உணர்ந்திலர். அஃது இல்லாதோரே உணர்ந்தனர்.

2012-இல் டெபியன் குழுவில் எழுந்த ஆராய்ச்சியும் இதனை ஒட்டியதே. குனோம் பெருத்து ஒரு வட்டில் அடங்காமையின், எக்சு.எப்.சி.இ.யை முதன்மைப் பணிமேடை ஆக்கலாம் என்று ஒரு மாற்றம் செய்யப்பட்டது. ஆயினும், 2013-இல் அப்பதிப்பு வெளிவந்தபோது குனோமே முதன்மையாய் நின்றது. எனினும், எது அழகியது என்பதோடு எது ஒரு வட்டில் அடங்கும் என்பதும் அங்கே எண்ணப்பட்டமை குறிப்பிடத்தக்கது. ஒரே வட்டைப் பெற்று வாழ்வோரை எண்ணிய எண்ணம் அது.

குறுவட்டின் இடத்தை இன்று விரலளவு நினைவகம் பிடித்துக்கொண்டது. கருவி மாறினும் உண்மை மாறவில்லை. தேர்ந்துகொள்ளும் உரிமையை அளிப்பது உரிமம். அவ்வுரிமையைக் கடைக்கோடியில் இருப்பவன் வாயில்வரை கொண்டு சேர்ப்பது மனிதரின் தொண்டு. முன்னதின் வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. வட்டைப் படியெடுத்து அண்டை வீட்டானுக்குக் கொடுத்த எண்ணற்றோரின் தொண்டும் அவ்வரலாற்றின் பகுதியே ஆகும்.