பழுப்பு முட்டைக்கு ரெண்டு ரூபா கூட

2022ஆம் வருஷக் கடைசியில எங்கட கூட்டத்துல ஒருத்தியோட வாப்பாவுக்கு வயிறு கெட்டுப்போச்சு. ரெண்டு கிழமை காய்ச்சல், வயிற்றோட்டம். மருந்தெல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகும் எதைச் சாப்பிட்டாலும் செமிக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியத்தைத்தான் சொன்னார்கள். “ஊர்க்கோழி முட்டை வாங்கி விடிய வெறும் வயித்துல பச்சையாக் குடுங்க. ஃபாம் முட்டை வாணாம், அது வயித்துக்கு ஆகாது.”

ஃபாம் முட்டையே கடைகளில் அரிதாகிப் போயிருந்த நேரம் அது. ஒரு ஊர்க்கோழி முட்டைக்குக் கேட்ட காசில் ரெண்டு ஃபாம் முட்டை வாங்கலாம். அவள் பாலாவியிலிருந்து நுரைச்சோலை, கற்பிட்டி வரைக்கும் தெரிஞ்ச வீடெல்லாம் ஏறி இறங்கி முட்டை சேர்த்தாள். வாப்பா ஒரு கிழமை பச்சையாகக் குடித்தார். வயிற்றோட்டம் திரும்ப வந்தது. முட்டையால் வந்ததா, பழைய நோயின் மிச்சமா, எங்களால் சொல்ல முடியாது. ஆனா ஒரு கேள்வி எங்களை விடவில்லை. வயித்துக்கு நல்ல முட்டை எது என்று யார் முடிவு செய்தது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் நாங்கள் போன கதை.

முட்டைக்குப் பிறந்த நாள் தெரிந்த காலம்

முதலில் கோழியிலிருந்தே தொடங்குவோம். எங்கட மாவட்டத்தின் வட எல்லையில் வில்பத்துக் காடு இருக்கிறது. அங்கே திரிகிற காட்டுக்கோழி இலங்கைக்கே உரியது, நாட்டின் தேசியப் பறவை. ஆனால் நம் கொல்லையில் மேய்கிற கோழி அதன் பிள்ளை இல்லை. உலகத்து வீட்டுக்கோழிகளின் மூதாதை முக்கியமாகத் தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழிதான் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, நாம “ஊர்க்கோழி” என்று சொல்லுற கோழியும் எப்பவோ வெளியூரிலிருந்து வந்து ஊர்க்காரியானதுதான்.

அந்தக் கோழி வருஷத்துக்குப் பெரும்பாலும் அம்பது, அறுபது முட்டைதான் இடும். பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். அதனால் வீட்டில் முட்டை என்பது தினச் சாப்பாடு இல்லை. நோயாளிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, பெரியபிள்ளையான பொம்பிளைப் பிள்ளைக்கு என்று எடுத்து வைக்கிற பொருள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், முட்டைக்கோப்பி, முட்டைமா எல்லாம் இப்படி வந்த சாப்பாடுகள்தான்.

எங்கட உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் முட்டையைச் சோதிக்கிற விதம் ஒன்றுதான். சட்டித் தண்ணீரில் போடுவார்கள். அடியில் படுத்தால் புதுசு. நிமிர்ந்து நின்றால் நாள்பட்டது. மிதந்தால் கூழ்முட்டை, தூக்கிப் போடு. காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பதும், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் உண்டு. இதுக்குப் பின்னால நல்ல பௌதிகம் இருக்கிறது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. நாள் போகப்போக உள்ளே இருக்கிற நீர் ஆவியாகிப்போக, அகன்ற முனையில் இருக்கிற காற்றறை பெருக்கும். முட்டை தண்ணீரில் எழும்புவது அதனால்தான். வெயில் கூடிய கரைப்பக்கத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமையில் வருகிற மூப்பு, வெளியில் ஒரே நாளில் வந்துவிடும் என்பது முட்டைத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

ஆக, பழைய ஆட்களின் “நல்ல முட்டை”க்கு முதல் அடையாளம் இனமோ நிறமோ இல்லை, நாள். கோழி கேரின சத்தத்தை வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அது எப்ப இட்டது என்பது தெரியும். ஊர்க்கோழி முட்டைக்கு இருந்த மரியாதையில் பெரும் பங்கு இதற்குத்தான் சேர வேண்டும் என்று நினைக்கிறோம்.

கொல்லை போனது, கூடு வந்தது

அந்தக் கொல்லைகள் எங்கே போயின? ஒரு பதில் எங்கட குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேர அவகாசம்தான். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும். ஆடு, மாடு, கோழியெல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. ஓலைக் கொட்டில் முகாமில் கோழிக்கு மேய இடம் ஏது? எங்களில் பலருக்கு முட்டை என்றால் முதல் ஞாபகமே கடைதான்.

இன்னொரு பதில் தெற்கே இருக்கிறது. சிலாபம், மாதம்பை, மாரவில, தங்கொட்டுவை என்று கொழும்பு ரோட்டில் போனால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளமான கோழிக்கூடுகளைப் பார்க்கலாம். குருநாகல், புத்தளம், கம்பஹா சேர்ந்த தென்னை முக்கோணம்தான் இலங்கையின் முட்டைக் களஞ்சியம். தோப்பு நிழல் உண்டு, தீனில் கலக்கத் தேங்காய்ப் புண்ணாக்கு உண்டு, கொழும்புச் சந்தை பக்கத்தில். அங்கே வளர்கிற லேயர் கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும், அடைக்குப் படுக்காது. வெள்ளை முட்டை இடுகிற லெக்ஹோர்ன் இனம், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போய், அங்கே இட்டுப் பழகி உலகம் முழுக்கப் பரவியது. லெக்ஹோர்ன் என்பது அந்தத் துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பேர்.

முட்டை மலிவானது. நோயாளிக்கு மட்டும் என்று இருந்தது கொத்துக்கும் வட்டலப்பத்துக்கும் பேக்கரிக்கும் வந்தது. இது சின்ன விஷயம் இல்லை, ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மலிவான புரதம். ஆனால் அதோட ஒன்றைத் தொலைத்தோம். முட்டைக்குப் பிறந்த நாள் எது என்பது யாருக்கும் தெரியாமல் போனது. நாள் தெரியாததால், கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைப் பிடித்துக்கொண்டோம்.

நிறத்துக்கு ஒரு விலை

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலரும் இல்லாமல் போக, சோளத்தையும் மற்றத் தீன் பொருட்களையும் வெளியிலிருந்து கொண்டுவர வழி இல்லை. தீன் இல்லாமல் கோழி வளர்ப்பவர்கள் கோழிகளை இறைச்சிக்கு விற்றார்கள், சின்னப் பண்ணைகள் மூடப்பட்டன. முட்டை விலை ஏறியது. 2022 ஓகஸ்டில் நுகர்வோர் அதிகாரசபை உச்ச விலை போட்டது, வெள்ளை முட்டை 43 ரூபா, பழுப்பு முட்டை 45 ரூபா. அந்த விலைக்கு முட்டை கிடைக்கவில்லை என்பது வேறு கதை. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலில் வந்து இறங்கியது, முதலில் பேக்கரிகளுக்கு. முட்டை மாவட்டத்துக்காரர்கள் நாங்கள், எங்கட பேக்கரிக்கு வெளிநாட்டு முட்டை.

அந்த ரெண்டு ரூபா வித்தியாசத்தைக் கொஞ்சம் பாருங்க. பழுப்பு முட்டை இடுகிற கோழி பொதுவாகக் கனமானது, கூடத் தின்னும், அதனால் செலவு கூட. விலைக் காரணம் அவ்வளவுதான். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது. உள்ளே இருக்கிற சத்துக்கும், அது செமிக்கிறதுக்கும் நிறத்தோடு ஒரு தொடர்பும் இல்லை. ஆனா கடையில “பழுப்பு எண்டா ஊர்க்கோழி மாதிரி” என்று சொல்லி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

மஞ்சக்கருவும் அப்படித்தான். கருவின் நிறம் தீனிலிருந்து வருகிறது. சோளமும் பச்சிலையும் தின்றால் கடும் மஞ்சள், உடைத்த அரிசி கூடினால் வெளிறல். தீனில் நிறமி சேர்த்தும் கருவைச் சிவக்க வைக்கலாம். மேய்கிற கோழியின் முட்டையில் சில விட்டமின்களும் நல்ல கொழுப்பும் கொஞ்சம் கூடலாம். அது உண்மை. ஆனால் வயிறு கெட்ட ஆளுக்கு அது மருந்தாகும் என்பதற்கு அந்த நிறம் சாட்சி இல்லை.

பச்சை முட்டை லேசா செமிக்குமா?

இனி எங்கட தோழியின் வீட்டுக்கு வந்த அந்த ஆலோசனையின் மற்றப் பாதி. பச்சையாகக் குடித்தால் லேசாகச் செமிக்கும் என்கிற நம்பிக்கை நம்மூரில் மட்டும் இருந்ததில்லை.

1822இல் அமெரிக்காவின் மக்கினோ தீவில் அலெக்சி சென் மார்ட்டின் என்ற தொழிலாளிக்கு வயிற்றில் துப்பாக்கிச் சூடு பட்டது. ஆள் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குப் போகிற துளை மூடவே இல்லை. வில்லியம் போமண்ட் என்ற இராணுவ வைத்தியர் அந்தத் துளை வழியாக உணவைக் கட்டி இறக்கி, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்தார். ஒரு ஏழைத் தொழிலாளியின் உடம்பு சோதனைச்சாலையானது என்பதையும் நாம மறக்கக் கூடாது. 1833இல் வந்த அவருடைய புத்தகத்தில் பச்சை முட்டைக்கு 2 மணி நேரம், கடுமையாக அவித்ததற்கு மூன்றரை மணி நேரம் என்று இருக்கிறது. பச்சைதான் லேசு என்கிற நினைப்புக்கு இப்படி அறிவியல் பலமும் கிடைத்தது.

ஆனால் போமண்ட் பார்த்தது இரைப்பையை மட்டும்தான். இரைப்பையை விட்டுச் சீக்கிரம் போவதும், உடம்பில் சேர்வதும் ஒன்றில்லை. 1998இல் பெல்ஜியத்து ஆய்வாளர்கள், சிறுகுடலின் முடிவில் வயிற்றில் வாய் வைக்கப்பட்ட ஐந்து பேருக்கு முட்டை கொடுத்து, புரதம் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று அளந்தார்கள். சமைத்த முட்டையில் 91 சதவீதம், பச்சை முட்டையில் 51 சதவீதம். ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் காரணமும் தெரிந்ததே. சூடு புரதத்தின் சுருளைப் பிரித்துவிடுகிறது, செமிபாட்டு நொதியங்கள் அதை இலேசாக வெட்டுகின்றன. பச்சை வெள்ளைக்கருவில் அந்த நொதியங்களைத் தடுக்கிற பொருட்களும் உண்டு, வேகவைத்தால் அவற்றின் வலு போய்விடும்.

அதைவிடப் பெரிய காரணம் கிருமி. 1988 டிசம்பரில் பிரித்தானியாவின் சுகாதாரத் துணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சல்மொனெல்லா இருக்கிறது என்று சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது, ரெண்டு கிழமைக்குள் அவர் பதவி விலகினார். அவர் சொன்ன அளவு மிகை, ஆனால் பிரச்சினை உண்மை. அந்தக் கிருமி கோழியின் சூலகத்திலேயே இருந்து, ஓடு உருவாகும் முன்னமே முட்டைக்குள் போய்விடக்கூடியது. ஓடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உள்ளே இருக்கலாம். 1998இலிருந்து அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டையில் சிங்க முத்திரையும் திகதியும் அடித்தார்கள். அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் முதியவர்களும் அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசு சொன்னது 2017இல்தான். அதாவது கிட்டத்தட்ட முப்பது வருஷ வேலை.

சட்டித் தண்ணீர்ச் சோதனை நாளைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது. கிருமிக்கு அது ஊர்க்கோழியா ஃபாம் கோழியா என்றும் பார்க்கத் தெரியாது. அதைக் கொல்வது அடுப்புத்தான்.

அப்ப எதை வாங்குவது?

வெடிப்பு இல்லாத, எச்சம் ஒட்டாத முட்டை. வெயிலில் அடுக்கி வைக்காத கடை. முட்டை சீக்கிரம் விற்றுத் தீர்கிற கடை என்றால் இன்னும் நல்லது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் போட்டுப் பாருங்க, அந்த உம்மம்மா வித்தை இன்றைக்கும் செல்லும். அதற்காகக் கழுவி அடுக்கி வைக்க வேண்டாம், சமைக்கும் நேரத்தில் போட்டால் போதும். வயிறு சரியில்லாதவருக்கு வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை அவித்த முட்டை, எண்ணெயில் பொரித்ததைவிட நல்லது. முட்டையில் நார்ச்சத்துத் துளியும் இல்லை. வயிறு தேறியதும் கீரையோ மரக்கறியோ கூட இருக்கட்டும். முட்டை ஒவ்வாத உடம்புகளும் உண்டு, அவர்களுக்கு எந்த முட்டையும் நல்ல முட்டை இல்லை. வயிற்றோட்டம் நிற்காவிட்டால் முட்டை தேடி அலையாமல் டொக்டரிடம் போங்க.

ஊர்க்கோழி வளர்க்கிற பொம்பிளைகளிடம் வாங்குவதை நாங்கள் விடச் சொல்லவில்லை. அந்தக் காசு நேராக ஒரு வீட்டுக்குப் போகிறது, எப்ப இட்டது என்றும் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளலாம். வாங்க முடிந்தால் வாங்குங்க. ஆனால் கையில் காசில்லாத வீட்டிடம் போய், ஃபாம் முட்டை கொடுத்தால் நோயாளிக்கு ஆகாது என்று சொல்லிப் பயமுறுத்தாதீங்க. அந்தப் பயத்துக்குத்தான் எங்கட தோழி அந்த மாசம் இரட்டை விலை கொடுத்தாள்.

வாப்பா பிறகு டொக்டர் மருந்தில் தேறினார். 2023 ஏப்ரலில் நோன்புப் பெருநாள் வந்தபோது வட்டலப்பத்துக்கு எத்தனை முட்டை போடுவது என்று அவர்கள் வீட்டில் பெரிய கணக்கு நடந்தது. கடைசியில் கடையில் கிடைத்த வெள்ளை முட்டைதான். உம்மா ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுப் பார்த்தா. ஒன்று மிதந்தது, அதை எறிந்தா. மற்றதெல்லாம் ஆவியில் நல்லா வெந்து, வாப்பாவின் தட்டுக்கும் ஒரு துண்டு போனது.