காய்ச்சல் நீங்கிய பின் கால்: சிக்குன்குனியாவின் நெடுநாள் சுமையும் பொதுச் சுகாதாரக் கணக்கும்

1. சிக்கல்

1964இல் சென்னையைப் பெருமளவில் தாக்கிய சிக்குன்குனியா, 1970களின் தொடக்கத்துக்குப் பிறகு ஏறத்தாழ மறக்கப்பட்ட நோயாகவே இருந்தது. 2005 இறுதியில் தென்னிந்தியாவில் மீண்டும் தலைகாட்டியது. 2006இல் மட்டும் நாடெங்கும் சுமார் 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று அரசுக் கணக்கு பதிவு செய்தது. அந்தக் கணக்கு காய்ச்சலின் கணக்கு. காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும்; இறப்பும் அரிது. ஆகவே ‘வந்து போகும் நோய்’ என்ற எண்ணம் மக்களிடமும் நிருவாகத்திலும் நிலைத்துவிட்டது. இந்நோயின் பெரும்பகுதிச் சுமை காய்ச்சல் நீங்கிய பிறகே தொடங்குகிறது. அதைத் தாங்குபவை கணுக்காலும் பாதமும். எனவே மூன்றாம் மாதத்தில் நோயாளியின் கால் எப்படி இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

2. பாதம் ஏன் மீள்வதில்லை

சிக்குன்குனியா வைரஸ் பெரும்பாலும் உடலின் இருபுறமும் ஒரே நேரத்தில், விரல், மணிக்கட்டு, கணுக்கால், பாதம் ஆகியவற்றின் மூட்டுகளைப் பிடிக்கிறது. ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. வீக்கம் மூட்டுச் சவ்வோடு நிற்பதில்லை. தசைநாண்களைச் சுற்றிய உறைகளுக்கும் பரவுகிறது. கணுக்காலின் உட்புறமாக இறங்கும் தசைநாண் ஒன்றே பாத வளைவைத் தாங்கி நிறுத்தும் முதன்மையான உறுப்பு. அதன் உறை நெடுநாள் வீங்கிக் கிடந்தால் வளைவு தளர இடமுண்டு. அதே இடத்தில், குறுகிய பாதை ஒன்றின் வழியே உள்ளங்காலுக்கான நரம்பும் செல்கிறது. வீக்கம் அதை நெருக்கும்போது உள்ளங்காலில் எரிச்சலும் மதமதப்பும் தோன்றும்.

வீங்கிய மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். கணுக்காலுக்கு அது இயலாது. கழிப்பறைக்குச் செல்லவும் குழாயடியில் நிற்கவும் பேருந்தில் ஏறவும் முழு உடலின் எடையையும் அது சுமந்தாக வேண்டும். காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளே மிகக் கொடியவை என்று நோயாளிகள் சொல்கிறார்கள்.

3. சான்றுகள்

பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரியூனியன் தீவில் 2005–06இல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது ஏறத்தாழ 2,66,000 பேர், நோயுற்றனர். அங்கு நடந்த தொடராய்வுகளில் ஒன்று, 15 மாதங்களுக்குப் பிறகும் 57 விழுக்காட்டினருக்கு மூட்டுத் தொல்லை நீடித்ததாகக் கண்டது. மற்றொன்றில் 36 மாதங்கள் கழித்தும் 60 விழுக்காட்டினர் வலியோடிருந்தனர். 45 வயதைக் கடந்தவர்களுக்கும், தொடக்கத்திலேயே கடும் வலி கண்டவர்களுக்கும், முன்பே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இது அதிகம்.

இந்தியச் சுமையைப் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் மதிப்பிட்டுள்ளனர். நோயால் பறிபோன நலவாழ்வு ஆண்டுகளாக 2006ஆம் ஆண்டுக்கு அவர்கள் கணித்த 25,588இல், 69 விழுக்காடு நீடித்த மூட்டுவலியால் வந்தது. நமது கண்காணிப்பு முறை எண்ணாமல் விடுவது சுமையின் பெரும்பகுதியையே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. ஒரு மறுப்பு

‘நடுவயதில் கால்வலி யாருக்குத்தான் இல்லை? அதை வைரஸின் மீது சுமத்துவது சரியா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, நோயுறாதவர்களோடு ஒப்பிடுவதில் இருக்கிறது. ரியூனியனில் சராசரியாக இரண்டாண்டுகளுக்குப் பின் நடந்த ஒப்பீட்டில், தொற்றுக்குள்ளானவர்களில் 43 விழுக்காட்டினர் மூட்டு, தசை வலி இருப்பதாகக் கூறினர். தொற்றாதவர்களில் 17 விழுக்காட்டினர். இயல்பான வலியைக் கழித்த பிறகும் எஞ்சுவது பெரிது.

வலி நீடிக்கும் காரணம் குறித்து உடன்பாடு எட்டப்படவில்லை. தொற்றிப் பதினெட்டு மாதங்களான ஒருவரின் மூட்டுத் திசுவில் வைரஸின் எச்சம் காணப்பட்டது. கொலம்பியாவில் நெடுநாள் மூட்டழற்சியால் அவதியுற்ற 38 பேரின் மூட்டுநீரில் அது அகப்படவில்லை. காரணம் தெளியும்வரை கவனிப்பைத் தள்ளிப்போட இது சாக்காகாது.

5. செய்யத்தக்கவை

பிரெஞ்சு மருத்துவ நெறிமுறை இந்நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது: முதல் 21 நாட்கள், அதன்பின் மூன்று மாதம்வரை, அதற்கு மேல். உறுதிசெய்யப்பட்ட ஒவ்வொருவரையும் இந்த இரு எல்லைகளிலும் ஒருமுறை சந்தித்தால் போதும். காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடிகிறதா? உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துள்ளதா? இந்தக் கேள்விகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். சர்க்கரை நோயுள்ளவர்களிடம் கடைசிக் கேள்வியை விடவே கூடாது.

இதற்குப் புதிய துறையும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறது. அதன் பயனாளர் பட்டியலில் மூன்று மாதம் கடந்தும் கணுக்கால் மீளாதவர்களைச் சேர்க்க வேண்டும். தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பழகிப்போன எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பை இவர்களுக்கும் தரலாம். உடனடி நிவாரணம் என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசிக்கு எதிராக எச்சரிப்பதும் கடமை. அது ஓய்ந்ததும் வலி திரும்பக்கூடும், சர்க்கரையும் ஏறும்.

நின்றே பிழைப்பவர்களுக்கு மருத்துவம் மட்டும் போதாது. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அது நடைமுறையில் முழுமையாக நிற்குமானால், வீங்கிய காலோடு ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. நாற்று நடுபவருக்கும் கட்டட வேலை செய்பவருக்கும் அத்தகைய பாதுகாப்பு இல்லை. வலி நீடிக்கும் மாதங்களில் அவர்களுக்கு இலகுவான வேலையோ கூலி ஈடோ கிடைக்க வேண்டுமானால், அவர்கள் முதலில் நோயாளிகளாகப் பதிவாக வேண்டும். மூன்றாம் மாதப் பதிவேட்டை இக்கட்டுரை வலியுறுத்துவது அதனால்தான்.