ரோதைக்கு இடம் கிடைத்தது, கூடைக்கு?

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஒரு தேயிலைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமானது. தோட்டங்களில் ஓய்ந்துபோன ரோதைகளும் இன்ஜின்களும் பழைய இரும்புக்குப் போகாமல் அங்கே நிற்கின்றன. கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானபோதும் பழைய மெஷின்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனா அந்த ரோதைக்குக் கொழுந்து போட்டவங்க யாரு? ரோதைமுனின்னு சாமி கும்பிட்டு அதை ஓட்டினவங்க யாரு? அவர்களின் கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, பெரட்டுத் தப்பு எல்லாம் இரும்புக்காரரிடமும் அடுப்பிலும் முடிந்தன. 2007இல் கம்பளைக்குப் பக்கத்தில், ஓல்ட் பீகொக் தோட்டத்து லயத்திலேயே தொழிலாளர் அருங்காட்சியகம் வந்த பிறகுதான் இவற்றுக்கும் ஓர் இடம்.

நமக்கு இது வெறும் ஞாபகார்த்தம் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களிடம் கேட்டது, அப்பா இலங்கையில் பிறந்தாரா என்ற அத்தாட்சியை. கையில் தாள் இல்லாதவர் நாடற்றவரானார்.

இப்போ பழைய கொம்பியூட்டர்களின் முறை. தோட்டத்துப் பாடசாலையிலும் வாசிகசாலையிலும் மூலையில் கிடப்பதை எடைக்குப் போடுவதற்கு முன்னாடி, உள்ளே இருக்கும் பெயர்ப்பட்டியலையும் படங்களையும் எடுத்து வைப்போம். பெட்டி போகட்டும், பெயர்கள் போகக்கூடாது.