பந்தும் பத்திரிகையும்



பெயர் பெற்ற கால்பந்துக் குழுக்களுக்கே பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இடமளிக்கின்றன, ஏனைய குழுக்கள் எவ்வளவு நன்றாக ஆடினும் அவற்றைக் கண்டுகொள்வதில்லை என்று ஒரு குறை நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. நான் வாழும் தாம்பரத்திலும் மாலையில் மைதானத்திலிருந்து திரும்பும் கல்லூரி இளைஞர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தம் அபிமானக் குழு தோற்ற நாளில் அவர்கள் குரல் சற்று ஓங்கியே இருக்கும் என்பது உண்மைதான். எனினும், பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு இக்குறையை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை. இன்றைய செய்தித்தாள் நாளைய வரலாற்றாசிரியனுக்குச் சான்று ஆகிறது. அதில் இடம்பெறாத வெற்றி, ஆடியவர் நினைவோடு மறைந்து போகும்.

நம் நாட்டில் இக்கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் சங்கத்தார், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவினரை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். ஒருவர் நீங்கலாக மற்றைய பதின்மரும் வெறுங்காலுடன் ஆடினர். ஆள்வோரை ஆளப்படுவோர் வென்ற அச்செய்தியைப் பத்திரிகைகள் கொண்டாடியதில் வியப்பில்லை. பின்னர் முகமதன் ஸ்போர்ட்டிங் சங்கம் 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீகில் தொடர்ந்து ஐந்து முறை முதலிடம் பெற்றது. 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் சங்கமும் சேர்ந்தபோது, இந்தியக் கால்பந்து என்றாலே இம்மூன்று பெயர்கள்தாம் என்ற எண்ணம் நிலைபெற்றது.

அந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? ஹைதராபாத் நகரப் போலீஸ் குழு, சையத் அப்துல் ரஹீம் என்னும் ஆசிரியரின் பயிற்சியில், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் விடாமல் வென்றது. 1950-இல் டூரண்ட் கோப்பையின் இறுதியில் மோகன் பகானையே வீழ்த்தியது. நமக்கு இன்னும் அண்மையில், நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் குழு 1955-லும் 1958-லும் அதே டூரண்ட் கோப்பையைப் பெற்றது. உதகைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் பணியாற்றிய நாளில் எந்தப் பாடநூலிலும் இதைக் கண்டதில்லை.

அந்த வெல்லிங்டன் குழுவின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ், ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று பாராட்டப்பட்டவர். அவர் பின்னர் கல்கத்தா சென்று, மேற்சொன்ன மூன்று சங்கங்களுக்கும் ஆடினார். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராமும் 1957-இல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். இவர்கள் போனதற்குப் பணமும் வேலையும் காரணமாயிருக்கலாம். ஆனால் புகழும் அங்கேதான் இருந்தது. புகழ் ஆட்டக்காரரை இழுக்கிறது. ஆட்டக்காரர் வெற்றியைத் தருகின்றனர். வெற்றி மீண்டும் செய்தியாகிறது. நீர் உள்ள குளத்துக்கே வாய்க்காலும் வெட்டப்படுகிறது.

இதற்காகக் கல்கத்தாப் பத்திரிகைகளை நான் குற்றஞ் சாட்ட மாட்டேன். தம் ஊர் மைதானத்தில் திரண்ட மக்கள் எதைப் படிக்க விரும்பினரோ அதை அவை எழுதின. வேண்டுமென்றே மறைத்தல் வேறு, கூட்டத்தின் பின்னே போதல் வேறு.

தொலைக்காட்சி வந்த பிறகு நிலைமை மாறிற்று. 1992-இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கியபோது, உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியை எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பங்கிட்டனர். கால்பங்கு பட்டியலில் பெற்ற இடத்துக்கேற்பக் கொடுக்கப்பட்டது. எஞ்சிய கால்பங்கு திரையில் காட்டப்பட்ட ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அடிக்கடி காட்டப்படும் குழு, காட்டப்படுவதனாலேயே செல்வம் பெற்றது. ஆயினும் பாதிப் பணமாவது சமமாகப் போயிற்றே என்று அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பயனாக 2014-இல் ஐ.எஸ்.எல். போட்டி தோன்றியது. அதை நடத்திய நிறுவனத்தில், அதை ஒளிபரப்பிய ஸ்டார் நிறுவனமும் பங்குதாரர். நடுவில் நின்று செய்தி சொல்ல வேண்டியவர், கடையில் பங்கும் வைத்திருந்தார். பழைய ஐ-லீக் போட்டியும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது; அதன் ஒளிபரப்பும் பின்னர் இதே ஸ்டார் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

சென்னையின் பெயரால் இரு குழுக்கள் இருந்தன. ஐ.எஸ்.எல். போட்டியில் சென்னையின் எப்.சி.; அபிஷேக் பச்சனும் மகேந்திர சிங் தோனியும் அதன் உரிமையாளர்களுள் அடங்குவர். அது 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்றது. அதற்குக் கிடைத்த புகழ் உழைத்துப் பெற்றதே. மற்றது ஐ-லீகில் ஆடிய சென்னை சிட்டி எப்.சி. சினிமாவும் கிரிக்கெட்டும் அதற்குத் துணை நிற்கவில்லை. பெயரில் சென்னை இருந்தும் அது ஆடியது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில். தாம்பரத்து மாணவன் மின்சார ரயிலேறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால் சென்னையின் எப்.சி. ஆடுவதைப் பார்க்கலாம், மற்றதைப் பார்க்க ஓரிரவு பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே அதன் ஆட்டம் நம் கண்ணில் பட ஒளிபரப்பு ஒன்றே வழியாக இருந்தது.

2018-19 பருவத்தில் நடந்ததைக் கேளுங்கள். பருவத்தின் நடுவில், ஐ-லீகின் ஆட்டங்கள் யாவும் ஒளிபரப்பாகா என்ற செய்தி வந்தது. சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. பல சங்கங்கள் அவ்வாண்டின் சூப்பர் கோப்பையிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தன. இதற்கிடையே, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில் சென்னை சிட்டி எப்.சி. வென்றுகொண்டே வந்தது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3-1 என வீழ்த்தி, 43 புள்ளிகளுடன், 42 புள்ளிகள் பெற்ற ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி, ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. அதே பருவத்தில் சென்னையின் எப்.சி. பத்துக் குழுக்களில் பத்தாவதாக முடிந்தது.

சில நாள் கழித்து எங்கள் தெருப் பிள்ளைகளிடம், “இவ்வாண்டு பட்டம் வென்ற சென்னைக் குழு எது?” என்று வினவினேன். நீலச் சட்டையணிந்த ஒருவன் தயங்காமல் சென்னையின் எப்.சி. என்றான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவனுக்குக் காட்டப்பட்டது அது.

சென்னை சிட்டி பின்னர் சூப்பர் கோப்பையில் ஆடி, அவ்வாண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியனான பெங்களூரு எப்.சி.யை 2-1 என வென்றது. 2020-இல் ஆசியச் சாம்பியன் லீகின் தொடக்கச் சுற்றிலும் ஆடியது. 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீகில் அதன் பெயர் இல்லை.

மேற்கொண்டு ஆராய விரும்பும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். சென்னை எழும்பூர்க் கன்னிமாரா நூலகம் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய வெளியீடுகளைப் பெற்றுவரும் நூலகங்களுள் ஒன்று. 2018 மார்ச்சு 18 நாளிட்ட செய்தித்தாளையும், 2019 மார்ச்சு 10 நாளிட்ட அதே செய்தித்தாளையும் அங்கே கேட்டு வாங்குங்கள். முன்னதில் சென்னையின் எப்.சி. பட்டம் வென்ற செய்தியும், பின்னதில் சென்னை சிட்டி வென்ற செய்தியும் இருக்க வேண்டும். அளவுகோல் ஒன்றையும் உடன் கொண்டு செல்லுங்கள்.